இரண்டு மில்லிவினாடியா, இருபதா? நியூரானுக்குள் சிக்னல்கள் எப்போது கூடும்

கேள்வி இதுதான்: "பாடப்புத்தகத்தில் நேரக் கூட்டல் (அடுத்தடுத்து வரும் சிக்னல்கள் கூடுவது), இடக் கூட்டல் (வேறு வேறு இடங்களிலிருந்து வருபவை கூடுவது) என்று இரண்டு வகை போட்டிருக்கிறார்கள். ஒரு நியூரானுக்கு, அதாவது நரம்பு செல்லுக்கு, இரண்டு சிக்னல்கள் 2 மில்லிவினாடி இடைவெளியில் வருவதற்கும் 20 மில்லிவினாடி இடைவெளியில் வருவதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? எத்தனை மில்லிவினாடிக்குள் வந்தால் அவை கூடும் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா?"

வித்தியாசம் நிச்சயமாக உண்டு. ஒரே எண்ணாகச் சொல்லத்தான் முடியாது. இரண்டு காதுகளிலிருந்தும் வரும் சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்கும் மூளைத்தண்டு நியூரானுக்கு அந்த அவகாசம் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. வலிச் செய்தியை வாங்கும் தண்டுவட நியூரானுக்கோ 2, 3 வினாடி இடைவெளியில் வருபவைகூட ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த அவகாசத்தை ஒவ்வொரு நியூரானும், அது இருக்கும் சுற்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சவ்வின் கசிவு, சினாப்ஸ் (ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் சிக்னல் தரும் சந்திப்பு) எந்தக் கிளையில் இருக்கிறது, சவ்வில் அயனிகள் கடக்கும் எந்த வாயில்கள் திறக்கின்றன, அடக்கும் சிக்னல் எப்போது வந்து சேர்கிறது என்று பல கைகள் அதில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் 2க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும், அதாவது −70. அது −55 அளவுக்கு ஏறினால், ஆக்சான் (சிக்னலை வெளியே கொண்டுபோகும் இழை) தொடங்கும் இடத்தில் சோடியம் வாயில்கள் மளமளவென்று திறந்து ஸ்பைக், அதாவது நியூரான் அனுப்பும் மின்துடிப்பு, கிளம்பும். ஆக, ஏற வேண்டியது சுமார் 15 மில்லிவோல்ட். பெருமூளைப் புறணியில் ஒரு தூண்டும் சினாப்ஸ் ஒருமுறை இயங்கினால் செல் உடலில் கிடைக்கும் ஏற்றம் பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. தனியாக ஒரு சினாப்ஸால் நியூரானைப் பேசவைக்க முடியாது. பல சேர வேண்டும், அதுவும் நேரத்தோடு சேர வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம்? தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட் வந்து ஒட்டியதும் ஆம்பா என்ற வகை வாயில்கள் திறந்து, சில மில்லிவினாடியில் மூடிக்கொள்கின்றன. உள்ளே வந்த மின்னோட்டம் அதோடு நின்றுவிடும். ஆனால் சவ்வின்மேல் ஏறிய மின்னூட்டம் உடனே வடியாது. சவ்வு ஒரு மின்தேக்கி. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட் கொள்ளளவு அதற்கு உண்டு. அதே சவ்வில் எப்போதும் திறந்திருக்கும் கசிவு வாயில்களும் உண்டு. அவற்றின் தடையைப் புறணி நியூரானுக்கு 10,000 முதல் 20,000 ஓம் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்க 10 முதல் 20 மில்லிவினாடி வரும். இதைத்தான் சவ்வின் கால மாறிலி, டௌ, என்கிறோம். அடியில் ஓட்டை விழுந்த பானையில் குவளை குவளையாக ஊற்றுவதுபோல: முந்தின குவளை வடிவதற்குள் அடுத்தது விழுந்தால்தான் மட்டம் உயரும். ஒரு டௌ கழிந்தால் மீதி 37 சதவீதம், இரண்டு கழிந்தால் சுமார் 14 சதவீதம், மூன்று கழிந்தால் 5 சதவீதம்.

எண் போட்டுப் பார்ப்போம். சில சினாப்ஸ்கள் சேர்ந்து ஒரு தடவைக்கு 4 மில்லிவோல்ட் ஏற்றம் தருகின்றன, டௌ 10 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏற்றத்துக்கு 20 மில்லிவினாடி கழித்து இரண்டாவது வந்தால், அதற்குள் முதலாவதில் மீந்திருப்பது அரை மில்லிவோல்ட்தான். உச்சம் 4.5. அதே இரண்டாவது 2 மில்லிவினாடியில் வந்தால் 3.3 மீதி இருக்கும், உச்சம் 7.3. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். வினாடிக்கு 50 முறை வந்தால் எவ்வளவு நேரம் வந்தாலும் உச்சம் 4.6ஐத் தாண்டாது. 100 முறை வந்தால் 6.3. 200 முறை வந்தால் 10.2, அங்கேயே நின்றுவிடும், ஸ்பைக் கிடையாது. 500 முறை என்ற வேகத்தில் வந்தால் ஆறாவது சிக்னலில், அதாவது முதலாவது வந்து 10 மில்லிவினாடியில், 15ஐத் தாண்டிவிடும். சினாப்ஸ்களின் பலத்தில் எந்த மாற்றமும் இல்லை. இடைவெளி மட்டும்தான் மாறியது. அதுவே நியூரான் பேசுவதா பேசாமல் இருப்பதா என்பதை முடிவு செய்துவிட்டது.

இந்தக் கூட்டலை நடத்தை அளவில் ஊன்றிக் கவனித்தவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன். நாயின் தோலில் ஒரு இடத்தைப் பலவீனமாகத் தூண்டினால் கால் சொறிய வராது. அதே பலவீனமான தூண்டலை விடாமல் கொடுத்தால், அல்லது பக்கத்தில் இன்னொரு இடத்தையும் சேர்த்துத் தூண்டினால், கால் சொறியத் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை அவர் விரிவாக எழுதிவிட்டார். நியூரானுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அப்போது வழி இல்லை. அவருடைய மாணவர் ஜான் எக்கிள்ஸ் 1951இல் நியூசிலாந்தின் டனீடினில், பூனையின் தண்டுவட இயக்க நியூரானுக்குள் மெல்லிய கண்ணாடி மின்முனையைச் செலுத்திப் பதிவு செய்தபோதுதான் இந்தச் சிறு ஏற்ற இறக்கங்கள் நேரடியாகக் கண்ணில் பட்டன. அதுவரை சினாப்ஸில் மின்சாரமே நேராகத் தாவுகிறது என்று வாதாடிக்கொண்டிருந்த எக்கிள்ஸ், அந்தப் பதிவுகளைப் பார்த்தபின் வேதிப்பொருள்தான் கடத்துகிறது என்ற கட்சிக்கு மாறினார்.

ஷெரிங்டனின் அந்த இரண்டு சோதனைகளிலிருந்துதான் பாடப்புத்தகத்தின் நேரக் கூட்டலும் இடக் கூட்டலும் வந்தன. தேர்வுக்கு அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனிச் சங்கதிகளாக மனதில் பதித்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். வேறு வேறு சினாப்ஸிலிருந்து வருபவையும் அந்த அவகாசத்துக்குள் வந்தால்தான் கூடும். 1971இல் மெண்டலும் ஹென்னமனும் பூனையின் இயக்க நியூரானில் அளந்தபோது, தசையிலிருந்து வரும் ஒரே ஒரு உணர்விழை தரும் ஏற்றம் சராசரியாக ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருந்தது. அவ்வளவு சிறியதை மின்இரைச்சலிலிருந்து பிரிக்க, இழையின் ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் நேராகப் பதிவுகளை அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே டாக்டர் சுத்தியால் தட்டும்போது கால் உதைப்பது எப்படி என்றால், தசை சட்டென்று இழுபடுவதால் எத்தனையோ இழைகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஸ்பைக் அனுப்புகின்றன. அதே தசையை மெதுவாக இழுத்தால் அந்த இழைகள் எல்லாம் இயங்கினாலும் ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேரும், கால் உதைக்காது. இடக் கூட்டல் என்று எழுதியிருப்பதன் உள்ளே இருப்பதும் நேரம்தான்.

மேலே போட்ட கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சிக்னலும் எப்போதும் 4 மில்லிவோல்ட்டே தரும் என்று வைத்துக்கொண்டோம். அது சரியல்ல. ஆம்பா வாயில் திறந்தால் சவ்வு மின்னழுத்தம் 0 மில்லிவோல்ட்டை நோக்கி இழுக்கப்படும். −70இலிருந்து பார்த்தால் இழுவிசை 70. ஏற்கெனவே 14 ஏறியிருந்தால் இழுவிசை 56 ஆகக் குறைகிறது. அதே சினாப்ஸ் இப்போது 4க்குப் பதில் 3.2தான் தரும். இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆறாவது சிக்னலில் கிளம்ப வேண்டிய ஸ்பைக் எட்டாவதுக்குத் தள்ளிப்போகிறது. ஒரே மெல்லிய கிளையில் பக்கத்துப் பக்கத்து சினாப்ஸ்கள் சேர்ந்து இயங்கும்போது இந்தக் குறைவு இன்னும் அதிகம். அந்தச் சிறு இடத்தில் மின்னழுத்தம் செல் உடலைவிடப் பல மடங்கு ஏறிவிடுவதால், இழுவிசை சீக்கிரமே தீர்ந்துவிடும். அதாவது 2ம் 2ம் சேர்ந்தால் 4க்குக் குறைவு.

எதிர்த்திசையிலும் நடக்கும். குளுட்டமேட்டுக்கு என்எம்டிஏ என்று இன்னொரு வகை வாயிலும் உண்டு. அதன் துளையில் மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று 1984இல் தெரியவந்தது. குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது, சவ்வும் ஏற்கெனவே ஏறியிருந்தால்தான் மெக்னீசியம் விலகி வழிவிடும். திறந்தால் எளிதில் மூடாது, பத்துக்கணக்கான மில்லிவினாடி நீடிக்கும். எனவே முதல் சிக்னல் சவ்வை ஏற்றி வைத்திருக்கும்போது இரண்டாவது வந்தால், அதற்குக் கிடைக்கும் பலன் தனியாக வந்திருந்தால் கிடைத்திருப்பதைவிட அதிகம். இங்கே 2ம் 2ம் 4க்கு மேல். குறைவாகக் கூடுமா அதிகமாகக் கூடுமா என்பது எந்தக் கிளையில், எவ்வளவு நெருக்கத்தில், எந்த இடைவெளியில் என்பதைப் பொறுத்தது.

இப்போது சிக்னல்கள் வரும் வரிசைக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வில்ஃப்ரிட் ரால் போட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எல்லோரும் நியூரானை ஒரு புள்ளியாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், சிக்னலை வாங்கும் கிளையான டென்ட்ரைட் ஒரு கசியும் கேபிள், அதன் நுனியில் விழும் சிக்னல் செல் உடலுக்கு வருவதற்குள் தேய்ந்தும் பரவியும் தாமதித்தும் போகும் என்று சமன்பாட்டோடு நிறுவினார். 1964இல் அவர் செய்தது இது: ஒரு டென்ட்ரைட்டைப் பத்துப் பெட்டிகளாகப் பிரித்து, நான்கு இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டினார். ஒருமுறை நுனியில் தொடங்கிச் செல் உடலை நோக்கி வந்தார். மறுமுறை செல் உடலுக்குப் பக்கத்தில் தொடங்கி நுனியை நோக்கிப் போனார். அதே நான்கு சினாப்ஸ்கள், அதே பலம், அதே இடைவெளி. வரிசை மட்டும் தலைகீழ். நுனியிலிருந்து உள்நோக்கி வந்தபோது செல் உடலில் உச்சம் பெரிதாக இருந்தது. வெளிநோக்கிப் போனபோது உச்சம் தாழ்ந்து, ஆனால் நீண்ட நேரம் நீடித்தது.

காரணம் யோசித்தால் எளிது. நுனியில் விழுந்தது செல் உடலுக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதை முதலில் கிளப்பிவிட்டு, அருகில் இருப்பதைக் கடைசியில் கிளப்பினால், நான்கின் உச்சங்களும் செல் உடலில் ஒரே சமயத்தில் வந்து முட்டும். மாற்றிச் செய்தால் அருகில் விழுந்தது வடியத் தொடங்கியபின் தூரத்துச் சிக்னல் வந்து சேரும். அப்படியானால், சிக்னல்கள் எந்தத் திசையில் ஓடின என்பதை ஒற்றை டென்ட்ரைட்டே வேறுபடுத்திக் காட்டிவிடும்.

இது உயிருள்ள நியூரானில் உண்மையா என்று நேரடியாகச் சோதிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2010இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மைக்கேல் ஹாய்சரின் ஆய்வுக்கூடத்தில் டியாகோ பிராங்கோவும் மற்றவர்களும் புறணியின் பிரமிட் நியூரான்களில், ஒரே டென்ட்ரைட்டின் முட்கள் (சினாப்ஸ் அமரும் சிறு புடைப்புகள்) ஒவ்வொன்றின் அருகிலும் லேசர் ஒளியால் குளுட்டமேட்டை வரிசையாக விடுவித்தார்கள். உள்நோக்கிய வரிசைக்குத்தான் பதில் பெரிதாக இருந்தது. ஓடும் வேகத்தை மாற்றினாலும் பதில் மாறியது. ரால் கணக்கில் இல்லாத ஒன்றும் வெளிவந்தது: என்எம்டிஏ வாயில்களை மருந்தால் அடைத்துவிட்டால் இந்தத் திசை உணர்வு பெரும்பாலும் போய்விடுகிறது. டென்ட்ரைட்டின் நுனி மிக மெல்லியது, அங்கே சிறு மின்னோட்டமே மின்னழுத்தத்தை வெகுவாக ஏற்றிவிடும். அங்கே தொடங்கினால் மெக்னீசியம் முதலிலேயே விலகி, பின்னால் வருபவற்றுக்கு வழி திறந்திருக்கிறது. கேபிளின் தாமதம் போட்ட கோட்டின்மேல் இந்த வாயில்கள் தடிமனாக வரைந்துவிட்டன.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். தூரத்துச் சிக்னல் பரவிப் போய் நீண்டுவிடுகிறது என்றால், தூரத்து சினாப்ஸ்களுக்கு அவகாசம் அதிகமாகவும் அருகில் இருப்பவற்றுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டுமே? கேபிள் கணக்குப்படி அப்படித்தான். ஆனால் நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸில், சிஏ1 என்ற பிரிவின் நியூரான்களில் 1999இல் ஜெஃப்ரி மகீ அளந்தபோது, தூரத்திலிருந்து வந்தாலும் அருகிலிருந்து வந்தாலும் செல் உடலில் தொடர் சிக்னல்கள் கூடும் விதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. எச்சிஎன் என்ற வாயில்கள்தான் இதைச் சமன் செய்கின்றன. செல் உடலிலிருந்து தள்ளிப் போகப் போக இவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. ஓய்வில் கொஞ்சம் திறந்திருந்து, சவ்வு ஏறினால் மூடிக்கொள்ளும் விசித்திரமான வாயில் இது. ஏற்றம் வரும்போது உள்ளே வந்துகொண்டிருந்த மின்னோட்டம் குறைவதால், அந்த ஏற்றத்தின் வால் நறுக்கப்பட்டுவிடுகிறது. தூரத்தில் இந்த நறுக்கல் அதிகம். கேபிள் நீட்டியதை வாயில் வெட்டி ஈடுகட்டுகிறது. அந்த வாயில்களை மருந்தால் அடைத்ததும் தூரத்துச் சிக்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கின.

இதுவரை தூண்டும் சிக்னல்களை மட்டும் பார்த்தோம். அவகாசத்தை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது அடக்கும் சிக்னல்தான் என்பது என் கருத்து. பல பாடப்புத்தகங்கள் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை. தூண்டல் கூட்டல், அடக்கல் கழித்தல் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. 2001இல் பூய்யும் ஸ்கான்சியானியும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். எலியின் ஹிப்போகேம்பஸ் துண்டில், சிஏ1 பிரமிட் நியூரானுக்குப் போகும் இழைகளை இரண்டு தனி இடங்களில் தூண்டினார்கள். ஒன்றைத் தூண்டினால் ஸ்பைக் வராது, இரண்டும் சேர்ந்தால் வரும் என்ற அளவில் பலத்தை வைத்துக்கொண்டு, இடைவெளியை மாற்றிக்கொண்டே போனார்கள். சவ்வின் டௌவை வைத்துக் கணக்கிட்டால் பத்துப் பதினைந்து மில்லிவினாடி இடைவெளியில்கூடக் கூட வேண்டும். ஆனால் இடைவெளி சுமார் 2 மில்லிவினாடியைத் தாண்டியதுமே ஸ்பைக் வருவது நின்றுபோனது.

ஏன்? அந்த இழைகள் பிரமிட் நியூரானை மட்டும் தொடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் அடக்கும் இடைநியூரான்களையும் தொடுகின்றன. அவை உடனே ஸ்பைக் விட்டு, பிரமிட் நியூரானின் செல் உடல்மேலேயே காபா என்ற அடக்கும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. நடுவில் ஒரு சினாப்ஸ் கூடுதலாக இருப்பதால் இது தூண்டலைவிட ஓரிரு மில்லிவினாடி பிந்தி வருகிறது. அந்தச் சிறு பிந்தல்தான் கதவு திறந்திருக்கும் நேரம். அதற்குள் வந்த தூண்டல்கள் கூடும். பிந்தியவை அடக்கலில் மூழ்கிவிடும். காபாவை மருந்தால் தடுத்ததும் அவகாசம் பத்து மில்லிவினாடிக்கு மேல் விரிந்துகொண்டது. உங்கள் கேள்வியில் இருக்கும் 2ம் 20ம் இந்த நியூரானுக்கு அப்படியே பொருந்துகிறது: 2 என்றால் வாய்ப்பு உண்டு, 20 என்றால் இல்லை.

காபா வாயிலில் குளோரைடு ஓடும்போது அதன் சமநிலை பல நியூரான்களில் −70க்கு அருகிலேயே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓய்வில் இருக்கும் நியூரானில் அது திறந்தால் மின்னழுத்தம் அசையக்கூட அசையாது. பதிவில் ஒன்றும் தெரியாது. ஆனால் சவ்வில் கூடுதலாக ஓட்டை விழுந்துவிட்டது, டௌ சுருங்கிவிட்டது. அந்த நேரத்தில் வரும் தூண்டல் குட்டையாகவும் குறுகலாகவும் போகும். வெறும் கழித்தல் என்று நினைத்தால் இது பிடிபடாது.

நேரத்தைக் கூர்மையாகப் பிடிப்பதில் உச்சம் என்றால் காதுதான். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. உங்கள் வலப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், ஒலி இடக்காதுக்குச் சுமார் 0.6 முதல் 0.7 மில்லிவினாடி தாமதமாக வந்து சேரும். அதுதான் மனிதத் தலைக்கு அதிகபட்சம். நேர் எதிரே இருக்கும் ஒலி 1 டிகிரி நகர்ந்தால் காதுகளுக்கிடையே வரும் நேர வித்தியாசம் வெறும் 10 மைக்ரோவினாடி அளவு. அதாவது ஒரு மில்லிவினாடியில் நூறில் ஒரு பங்கு. நல்ல சூழலில் நாம் அதையும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஒரு ஸ்பைக்கே கிட்டத்தட்ட 1 மில்லிவினாடி நீளம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

இந்த ஒப்பீடு நடக்கும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. பாலூட்டிகளில் நடு மேல் ஆலிவ் என்ற நியூரான் கூட்டம். பறவைகளில் அதற்கு ஒப்பானது லமினாரிஸ் என்ற கூட்டம். அங்கே இருக்கும் நியூரானின் உருவமே வேலையைச் சொல்லிவிடும். எதிரெதிர்த் திசையில் இரண்டு டென்ட்ரைட்கள், ஒன்றுக்கு வலக்காது, மற்றதற்கு இடக்காது. ஒரே காதிலிருந்து இரண்டு சிக்னல் சேர்ந்து வந்தால் அவை ஒரே டென்ட்ரைட்டில் விழுகின்றன. மேலே சொன்ன இழுவிசைக் குறைவால் அவை குறைவாகவே கூடும். இரண்டு காதிலிருந்தும் ஒவ்வொன்று வந்தால் அவை வேறு வேறு டென்ட்ரைட்டில் விழுந்து, ஒன்றின் இழுவிசையை மற்றது குறைக்காமல் செல் உடலில் முழுசாகக் கூடும். ஒரு காது மட்டும் உரக்கக் கத்தி நியூரானை ஏமாற்றிவிடாமல் டென்ட்ரைட்டின் அமைப்பே பார்த்துக்கொள்கிறது. அக்மன்-ஸ்னிர், கேதரின் கார், ரின்செல் மூவரும் 1998இல் கணக்கிட்டுக் காட்டிய விஷயம் இது.

இந்த நியூரான்களின் டௌ ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. ஓய்விலேயே திறந்திருக்கும் பொட்டாசியம், எச்சிஎன் வாயில்கள் ஏராளமாக இருப்பதால் சவ்வு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சவ்வு லேசாக ஏறினாலே இன்னும் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. எனவே மெதுவாக ஏறும் ஏற்றம் ஸ்பைக்கை எட்டுவதற்கு முன்பே அமுங்கிவிடும். விறுவிறுவென்று ஏறுவதற்குத்தான் ஸ்பைக் கிடைக்கும். இரண்டு காதின் சிக்னல்களும் மிகச் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்த விறுவிறுப்பு வரும். அதற்கு விலையும் உண்டு. ஒழுகும் சவ்வோடு ஸ்பைக்கை எட்ட வேண்டுமென்றால் பெரிய மின்னோட்டம் வேண்டும், அயனிகளைத் திருப்பி அனுப்பும் பம்புகளுக்கு ஆற்றல் அதிகம் செலவாகும்.

வலக்காதுக்கு முன்னதாக வந்ததை இடக்காதில் பின்னதாக வந்ததோடு எப்படிப் பொருத்துவது? 1948இல் லாயிட் ஜெஃப்ரஸ், வேறு வேறு நீளமுள்ள ஆக்சான்கள் தாமதத்தை ஈடுகட்டும் என்று ஊகித்தார். கூகை ஆந்தையில் கார், கொனிஷி இருவரும் அப்படிப்பட்ட ஆக்சான்களையே கண்டார்கள். பாலூட்டிகளில் கதை அவ்வளவு நேராக இல்லை. 2002இல் ஜெர்பில் என்னும் பாலைவன எலியில், ஜெர்மனியின் பெனடிக்ட் குரோதே குழு கிளைசின் என்ற வேதிப்பொருள் செய்யும் அடக்கலை ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சால் தடுத்தபோது, நியூரானுக்குப் பிடித்த நேர வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. துல்லியமான நேரத்தில் வரும் அடக்கல் உச்சத்தை நகர்த்தி வைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதன்மேல் வாக்குவாதம் ஓயவில்லை.

அடுத்தது, மூளைத் துண்டில் அளந்த எண்களை உயிருள்ள மூளைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. புறணி நியூரான் ஒன்றின்மேல் ஆயிரக்கணக்கில் சினாப்ஸ்கள். ஒவ்வொன்றும் வினாடிக்கு ஓரிரு முறை இயங்கினாலே, எந்தக் கணத்திலும் நூற்றுக்கணக்கான வாயில்கள் திறந்தே இருக்கும். திறந்த வாயில் என்றால் கசிவு. கசிவு கூடினால் டௌ சுருங்கும். மருந்தால் எல்லா சினாப்ஸையும் அமைதியாக்கியபின் அளப்பதோடு ஒப்பிட்டால், வேலையில் இருக்கும் மூளையில் நியூரானின் தடை சில மடங்கு குறைந்திருக்கிறது என்று டெஸ்டெக்ஸ், பாரே போன்றவர்களின் அளவீடுகள் காட்டின. அதாவது அந்த நியூரானின் அவகாசம் அதற்கு நிலையான சொத்து இல்லை. சுற்றிலும் ஆரவாரம் கூடினால் குறுகும், அடங்கினால் விரியும்.

இனி நேர் எதிர்முனை. 1966இல் லார்ன் மெண்டல், மேலே சொன்ன அதே மெண்டல், பூனையின் தண்டுவடத்தில் ஒன்றைப் பதிவு செய்தார். வலிச் செய்தியைக் கொண்டுவரும், உறையில்லாத சி இழைகளை ஓரிரு வினாடிக்கு ஒருமுறை ஒரே பலத்தில் தூண்டிக்கொண்டே இருந்தால், தண்டுவட நியூரானின் பதில் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனது. மனிதரிலும் உணரலாம்: ஒரே அளவு சூட்டை 3 வினாடிக்கு மிகாத இடைவெளியில் திரும்பத் திரும்பத் தோலில் வைத்தால், பின்னால் வரும் அந்த மந்தமான எரிச்சல் ஒவ்வொரு முறையும் கூடும். இடைவெளியை அதற்கு மேல் நீட்டினால் கூடாது. சவ்வின் டௌவால் இதை விளக்கவே முடியாது. சி இழைகள் குளுட்டமேட்டோடு சப்ஸ்டன்ஸ் பி போன்ற பெப்டைடுகளையும் விடுகின்றன. அவை எழுப்பும் ஏற்றம் வினாடிக்கணக்கில் நீடிக்கிறது. அந்த ஏற்றம் மெக்னீசியத்தை விலக்க, என்எம்டிஏ வாயில்கள் சேர்ந்துகொள்கின்றன. என்எம்டிஏவைத் தடுக்கும் கெட்டமின் என்ற மருந்து இந்த ஏற்றத்தைக் குறைப்பதும் அதனால்தான். நாள்பட்ட வலியால் தவிப்பவர்களில், உதாரணமாக உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில், இந்தக் கூட்டல் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "இவ்வளவு சின்னத் தூண்டலுக்கு இவ்வளவு வலியா" என்று அவர்களை யாராவது சந்தேகித்தால், தண்டுவடத்தில் நடக்கும் இந்தக் கூட்டலை எடுத்துச் சொல்லுங்கள்.

கற்றல் பற்றி ஒரு பத்தி மட்டும். இடைவெளி இன்றைய கூட்டலை மட்டும் தீர்மானிப்பதில்லை, நாளை அந்த சினாப்ஸ் எவ்வளவு பலமாக இருக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஸ்பைக் ஆக்சானில் முன்னே ஓடுவதோடு டென்ட்ரைட்டுக்குள் பின்னோக்கியும் பரவுகிறது. சினாப்ஸ் இயங்கி 20 மில்லிவினாடிக்குள் அந்த ஸ்பைக் வந்தால் சினாப்ஸ் வலுக்கும், ஸ்பைக் முந்திக்கொண்டு சினாப்ஸ் பிந்தினால் வலுவிழக்கும் என்று 1998இல் பி, பூ இருவரும் ஹிப்போகேம்பஸ் நியூரான் வளர்ப்பில் காட்டினார்கள். ஆக கூட்டலுக்கு வந்துபோன அதே 20 மில்லிவினாடி, இங்கே முற்றிலும் வேறொரு கணக்கில் பொருள்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையால் செய்து பார்க்க விரும்பினால், யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹைன்ஸ் வளர்த்தெடுத்த நியூரான் என்ற பெயருடைய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு செல் உடல், ஒரே ஒரு நீண்ட டென்ட்ரைட், அதில் நான்கு ஆம்பா சினாப்ஸ். அதோடு தொடங்குங்கள், போதும். முதலில் நான்கையும் ஒரே இடத்தில் வைத்து இடைவெளியை 1இலிருந்து 30 மில்லிவினாடி வரை மாற்றி, உச்சத்தை வரைபடமாக்குங்கள். அடுத்து அவற்றை டென்ட்ரைட் நெடுகப் பரப்பி, ராலின் வரிசையை இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். கடைசியாகச் செல் உடலில் ஒரு காபா சினாப்ஸை வைத்து, முதல் தூண்டலுக்கு 2 மில்லிவினாடி பிந்தி அதை இயக்குங்கள். முதலில் வரைந்த வளைவின்மேல் இதையும் போட்டுப் பாருங்கள். வளைவின் வால் எந்த இடத்தில் அறுபடுகிறதோ, அதுதான் அந்த நியூரானுக்கு உங்கள் கேள்வியின் விடை. காபா இயங்கும் நேரத்தை 2இலிருந்து 5க்கு மாற்றினால் அந்த விடையும் கூடவே நகர்வதைப் பார்ப்பீர்கள்.